ஜெயிச்ச இன்டர்நெட் கம்பெனி அடுத்த தொழில்ல கால் வைக்கலாமா?

கேள்வி இதுதான். ஒரு இன்டர்நெட் கம்பெனி ஒரே ஒரு விஷயத்துல நல்லா ஜெயிச்சிருச்சு, காசும் வந்துட்டிருக்கு, இனிமே அது அந்த ஒண்ணுலயே நிக்கணுமா இல்ல வேற தொழில்லயும் இறங்கணுமா? கேட்டவர் கூடவே ஒரு வரி சேத்திருந்தார், சாப்பாடு கொண்டு வர ஆப் இப்ப வெங்காயமும் சார்ஜரும் கொண்டு வருது, டாக்ஸி விட்டவர் ஸ்கூட்டர் செய்யறார், இது பேராசையா புத்திசாலித்தனமான்னு.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். இறங்கலாம். ஆனா உங்க கஸ்டமர் உங்க வாசல்ல நின்னுக்கிட்டு ஏற்கனவே தானாவே ஏதோ ஒண்ணு பண்ணிட்டிருப்பான் பாருங்க, அதுல இறங்கணும். அவன் பண்ணவே பண்ணாத ஒண்ணை "இனிமே பண்ணுவான்"னு மீட்டிங் ரூம்ல உக்காந்து முடிவு பண்ணி இறங்கினா பெரும்பாலும் அடிதான். இதுக்கு விதிவிலக்கு ரெண்டு மூணு இருக்கு, அதையும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பரவால்லையா.

எங்க ஊர் தாலுகா ஆபீஸ் எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கு. நான் ஸ்கூல் படிக்கும்போது ஒரே ஒரு மிஷின், பக்கத்துக்கு ஒரு ரூபா. ஜெராக்ஸ் எடுக்க வர்றவன் எல்லாம் "அண்ணே பேனா இருக்கா, அண்ணே இந்த ஃபார்ம் கெடைக்குமா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எங்க எடுக்கலாம்"னு கேட்டுக்கிட்டே இருப்பான். அவரும் பேனா வச்சார், ஃபார்ம் வச்சார், அப்புறம் போட்டோ, அப்புறம் பட்டா சிட்டா ஆன்லைன்ல எடுத்துக் குடுக்கறது, பான் கார்டு அப்ளிகேஷன்னு ஒண்ணொண்ணா சேந்துச்சு. இதுல எதையுமே அவர் யோசிச்சுக் கண்டுபிடிக்கல, கவுன்டர்ல நின்ன ஆளுங்க கேட்டாங்க, அவ்ளோதான். நடுவுல ஒரு தடவை பக்கத்துக் கடை காலியாச்சுன்னு அதையும் புடிச்சு ஜூஸ் கடை போட்டார். கூட்டம் இங்க தானே நிக்குது, வெயில் வேற, ஜூஸ் குடிப்பாங்கன்னு கணக்கு. ஆறு மாசத்துல மூடிட்டார். தாலுகா ஆபீஸுக்கு வர்றவன் டோக்கன் போயிருமேன்னு பதட்டத்துல நிக்கறான், அவன் எங்க உக்காந்து சாத்துக்குடி குடிக்கறது.

இந்த பான் கார்டும் ஜூஸும் ஒரே கம்பெனிக்குள்ள, இன்டர்நெட்ல ஏலம் நடத்தற ஒரு அமெரிக்க கம்பெனிக்குள்ள, ரெண்டுமே பல கோடி டாலர்ல நடந்த கதை ஒண்ணு இருக்கு. ஈபே.

1998, 99 சமயத்துல ஈபேல ஏலம் எடுக்கறது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் பழைய கேமரா ஒண்ணை ஏலத்துக்கு விடறான், வேற ஊர்ல இருக்கிற நீங்க ஜெயிச்சிட்டீங்க. காசு எப்படி அனுப்பறது? செக் எழுதி கவர்ல போட்டு போஸ்ட் பண்ணணும், இல்ல மணி ஆர்டர். விக்கறவனுக்கு அது போய்ச் சேர நாலு நாள், அவன் பேங்க்ல போட்டு கிளியர் ஆக இன்னும் சில நாள், செக் திரும்பிருமோன்னு பயந்து அவன் பொருளை அனுப்பவே மாட்டான். சாதாரண தனி ஆளு கிரெடிட் கார்டு வாங்கிக்கவும் முடியாது, அதுக்கு பேங்க்ல வியாபாரி அக்கவுன்ட் வேணும். ஆக ஏலம் முடிய ஏழு நாள், காசும் பொருளும் கை மாற ரெண்டு வாரம். இந்த இடத்துலதான் பேபால் வந்துச்சு. அது ஈபேக்காகச் செஞ்சதே இல்ல, பாம் பைலட்னு அப்ப ஒரு கையடக்கக் கருவி இருந்துச்சு, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு காசு அனுப்பறதுக்குன்னு ஆரம்பிச்சாங்க, கூடவே ஈமெயில்ல காசு அனுப்பற வசதி ஒண்ணு வச்சிருந்தாங்க. ஈபேல விக்கறவங்க அதைப் புடிச்சுக்கிட்டாங்க. "உங்க லோகோவ என் ஏலப் பக்கத்துல போட்டுக்கலாமா"ன்னு கேட்டு மெயில் வர ஆரம்பிச்சப்ப பேபால் ஆளுங்களே இவங்க யாருடா புதுசான்னு முழிச்சாங்க.

ஈபே என்ன பண்ணுச்சு? பில்பாயின்ட்னு ஒரு கம்பெனியை 1999லயே வாங்கி, வெல்ஸ் ஃபார்கோ பேங்க்கையும் கூட்டு சேத்துக்கிட்டு, சொந்தமா பேமென்ட் நடத்திப் பாத்துச்சு. சொந்த சைட், சொந்த கூட்டம், பெரிய பேங்க் துணை, எல்லாம் இருந்தும் ஜனங்க பேபால விடல. கடைசில 2002 ஜூலைல ஈபே கைய தூக்கிட்டு பேபாலயே 150 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சுது. அன்னிக்கு பேபாலோட வியாபாரத்துல சுமார் 60 சதவீதம் ஈபே ஏலத்துலேர்ந்தே வந்துட்டிருந்துச்சு. அதாவது கஸ்டமர் ஏற்கனவே கல்யாணம் பண்ணி வச்சிட்டான், ஈபே போய் ரிஜிஸ்டர் மட்டும் பண்ணுச்சு. 2015ல பேபால தனியா பிரிச்சு விட்டப்ப, பிரிஞ்ச முதல் நாளே அதோட மதிப்பு தாய்க் கம்பெனியோட மதிப்பைத் தாண்டிருச்சு.

அதே ஈபே, அதே சிஇஓ மெக் விட்மன், மூணே வருஷம் கழிச்சு 2005 செப்டம்பர்ல, இன்டர்நெட் வழியா போன் பேசற ஸ்கைப்ப வாங்கினாங்க. கையில 260 கோடி டாலர், டார்கெட் அடிச்சா அதுக்கு மேல இன்னொரு 150 கோடி வரைக்கும் தர்றதா ஒப்பந்தம். சொன்ன காரணம் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, வாங்கறவனும் விக்கறவனும் நேரா பேசிக்கிட்டா பெரிய ஐட்டம் எல்லாம், கார், மிஷின் மாதிரி, வேகமா வியாபாரம் முடியும்னு. ஆனா ஈபேல விக்கறவனுக்குப் பேசவே பிடிக்காதுங்க. முந்நூறு ஐட்டம் போட்டு வச்சிருக்கறவன் முந்நூறு பேர்கிட்ட போன்லயா பேசிட்டிருப்பான்? வாங்கறவனும் பேரு தெரியாம ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலம் கேக்கற சுகத்துக்குத்தான் அங்க வர்றான். ஏற்கனவே அந்த வாசல்ல யாரும் "எனக்கு போன் வேணும்"னு நின்னதே இல்ல. 2007 அக்டோபர்ல 140 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதினாங்க. இதுல கூத்து என்னன்னா, ஸ்கைப்போட அடிப்படையான பியர் டு பியர் டெக்னாலஜி, அதாவது நடுவுல பெரிய சர்வர் இல்லாம கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் நேரா பேசிக்கற முறை, வாங்கின பொட்டலத்துக்குள்ளயே இல்ல, அது ஸ்கைப்ப ஆரம்பிச்சவங்களோட இன்னொரு கம்பெனி ஜோல்டிட் கையில இருந்துச்சு, ஈபே அதை லைசென்ஸ்லதான் ஓட்டிட்டிருந்துச்சு, 2009ல கேஸ் வரைக்கும் போச்சு. வீடு வாங்கும்போது மூலப் பத்திரம் பாக்காம வாங்கின கதைதான்.

ஆனா ஒண்ணு கவனிங்க, ஸ்கைப் மோசமான தொழில் இல்ல. 2009ல ஈபே அதோட பெரும்பங்கை வித்துச்சு, 2011ல மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் குடுத்து ஸ்கைப்ப வாங்குச்சு, ஈபே கையில கொஞ்சம் பங்கு மிச்சம் வச்சிருந்ததால அதுல லாபமே பாத்துச்சு. அதனால "நல்ல கம்பெனியா"ன்னு பாத்து வாங்கறதுல பாதிதான் விஷயம் இருக்கு. உங்க வீட்டுக்கு வர மருமகளா அதுன்னு பாக்கணும்.

சரி, சொந்தக் கதை ஒண்ணு. சென்னைல நான் வேலை பாத்த ஒரு கம்பெனி, பேரு வேணாம், ஊர் ஊரா பிளம்பர், எலக்ட்ரீஷியன், கேட்டரிங் ஆளுங்க நம்பரை லிஸ்ட் பண்ணி வருஷ சந்தா வாங்கற சைட். பெருசா பேர் இல்லாட்டியும் லாபத்துல ஓடிட்டிருந்துச்சு. ஒரு நாள் எங்க முதலாளி ஏதோ கான்ஃபரன்ஸ் போயிட்டு வந்தவர், நம்மகிட்டதான் டிராஃபிக் இருக்கே, செகண்ட் ஹேண்ட் சாமான் வாங்கி விக்கறதுல இறங்கிருவோம்னு சொல்லிட்டார். தப்பில்ல, காசு இருந்துச்சு. ஆனா புதுசை யாரு கட்டறது? நல்ல ஆளுங்கதானே கட்டணும். எங்க சர்ச்ச எழுதினவன், சேல்ஸ்ல முதல் ஆளு, டேட்டா பாத்துக்கிட்டிருந்த ஒரு பொண்ணு, மூணு பேரும் மேல் மாடிக்குப் போயிட்டாங்க. கீழ நாங்க. ஒரு மாசத்துல ஏதோ ஒரு மாத்தத்துல ஏரியா பேரு குழம்பி, வேளச்சேரின்னு தேடினவனுக்கு வேலூர் ஆளுங்களும் வேலூர்ல தேடினவனுக்கு வேளச்சேரி ஆளுங்களும் வர ஆரம்பிச்சாங்க. எழுதினவன் மேல இருக்கான், அவனுக்கு அங்க லாஞ்ச் தேதி. மூணு வாரம் அப்படியே ஓடுச்சு. கேட்டரிங் பண்ற ஒரு பெரியவர் எனக்குப் போன் போட்டு, "தம்பி, வருஷம் பன்னெண்டாயிரம் கட்றேன், வேலூர்லேர்ந்து ஒருத்தர் காலைல ஆறு மணிக்குக் கூப்ட்டு நாளைக்கு எரநூறு இலை போட முடியுமான்னு கேக்கறார், நான் என்ன வேன்ல சாம்பார் ஏத்திட்டு வரவா"ன்னார். நான் என்ன சொல்றது. அந்த வருஷம் அவர் ரென்யூ பண்ணல, அவர மாதிரி நெறைய பேர் பண்ணல. புதுத் தொழில் ஒண்ணரை வருஷத்துல மூடியாச்சு, மேல் மாடிக்குப் போன மூணு பேரும் கீழ திரும்பி வரல, வேற வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க.

புதுத் தொழில்ல போட்ட காசை எல்லாரும் கணக்குப் போடுவாங்க. பழைய தொழில்லேர்ந்து உருவின ஆளுங்களை யாரும் கணக்குல எழுத மாட்டாங்க, அந்த நஷ்டம் எக்செல்ல எந்த வரிலயும் வராது. யாஹூவும் இதே நோய்லதான் இளைச்சுது, 2006லயே அங்க உள்ளுக்குள்ள ஒரு மூத்த அதிகாரி, பிராட் கார்லிங்ஹவுஸ், எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா தடவி எதுலயும் ஆழமா இல்லாம இருக்கோம்னு மெமோ எழுதி அது வெளிய கசிஞ்சுது, நம்ம பாஷைல ஒரு கரண்டி மாவுல பத்து தோசை இழுக்கறது. 1999ல பிராட்காஸ்ட் டாட் காமுக்கு 570 கோடி டாலர், ஜியோசிட்டீஸுக்கு 360 கோடி டாலர்னு அள்ளி விட்ட கம்பெனியோட மெயின் தொழிலை 2017ல வெரைசன் வாங்கின விலை 450 கோடிக்கும் கொஞ்சம் கம்மி.

இப்ப நீங்க கேட்ட சாப்பாடு ஆப் விஷயத்துக்கு வரேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ், ஏன்னா இது என் விதியை கொஞ்சம் இடிக்குது.

சொமேட்டோவோட மூலத் தொழில் எது? சாப்பாடு டெலிவரின்னு சொல்வீங்க. இல்லீங்க. 2008ல டெல்லில பெய்ன்ங்கற கன்சல்டிங் கம்பெனில வேலை பாத்துட்டிருந்த தீபிந்தர் கோயல், ஆபீஸ் ஆளுங்க மத்தியானம் மெனு கார்டைப் பாக்க மொய்க்கறதைப் பாத்துட்டு, பங்கஜ் சட்டாவோட சேந்து மெனுவ ஸ்கேன் பண்ணி ஃபுடீபேன்னு ஒரு சைட்ல போட்டார். பேரு சொமேட்டோன்னு ஆனது 2010. பல வருஷம் அது ஹோட்டல் விளம்பரத்துல ஓடின லிஸ்டிங் கம்பெனி. டெலிவரில இறங்கினது 2015ல. ஆக இன்னிக்கு நாம "மூலத் தொழில்"னு சொல்றதே ஒரு காலத்துல பக்கத் தொழில். அது ஏன் எடுபட்டுச்சு? மெனு பாக்க வந்தவன் பாத்து முடிச்சதும் அதுல இருக்கிற நம்பருக்குப் போன் போட்டு ஆர்டர் பண்ணிட்டுதான் இருந்தான், பான் கார்டு கதைதான். அதே 2015 ஜனவரில அமெரிக்காவுல அர்பன்ஸ்பூன்னு ஒரு கம்பெனியையும் வாங்கினாங்க, சில மாசத்துலயே அந்த ஆப்ப மூடி, அங்க இருந்த கூட்டத்தையும் எல்ப்னு அங்க இருக்கிற ரிவ்யூ சைட்கிட்ட கோட்டை விட்டாங்க. தொழில் அதேதான், ஊர்தான் மாறுச்சு, அப்படியும் அடி. பக்கத்து வயல் மாதிரி தெரியறது எல்லாமே உங்களுக்குத் தெரிஞ்ச மண் இல்ல.

அப்புறம் மளிகை. 2020 லாக்டவுன்ல ஒரு தடவை இறங்கி சில மாசத்துல நிறுத்தினாங்க. 2021 ஜூலைல மறுபடி, 45 நிமிஷத்துல மளிகை, பக்கத்துக் கடைகள்லேர்ந்து எடுத்துட்டு வர்றதுன்னு. செப்டம்பர்லயே நிறுத்தியாச்சு. ஏன்னு பாருங்க, இதுலதான் விஷயமே இருக்கு. ஹோட்டல்ல இட்லி ஆர்டர் பண்ணா இட்லி இருக்கும், இல்லேன்னா சுட்டுக் குடுப்பான், மெனுல மொத்தம் நூறு ஐட்டம். மளிகைக் கடைல ஆயிரக்கணக்குல ஐட்டம், ஆப்ல பச்சை கலர் சோப்பு இருக்குன்னு காட்டும், கடைல அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் கடைசி சோப்பை ஒரு அக்கா வாங்கிட்டுப் போயிருப்பாங்க, அண்ணாச்சி அதை எந்தக் கம்ப்யூட்டர்ல போய் ஏத்தப் போறார்? ஸ்டாக் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிட்டே இருக்கு, ஆர்டர்ல பாதி ஐட்டம் வராது, கஸ்டமர் கடுப்பாவான். டெலிவரி பையன் இருக்கான், ஆப் இருக்கு, கூட்டம் இருக்கு, இருந்தும் அலமாரி யார்கிட்ட இருக்கோ அவன்தான் இதுல ராஜா. டார்க் ஸ்டோர்னு சொல்றாங்களே, கஸ்டமரே உள்ள வராத சின்ன குடோன், ஒவ்வொரு ரேக்குக்கும் நம்பர், உள்ள நிக்கற பையன் கையில இருக்கிற கருவி சொல்ற ரேக்குக்கு ஓடி கொத்தமல்லியையும் சார்ஜரையும் ஒரே பையில போட்டு ஸ்கேன் பண்ணி ஜன்னல்ல குடுப்பான், ஸ்கேன் பண்ண உடனே ஸ்டாக் குறையும். வெளிய அக்கா யாரும் வந்து கடைசி சோப்பை எடுக்க முடியாது. இதை பிளிங்கிட் பண்ணிட்டிருந்துச்சு, பழைய பேரு குரோஃபர்ஸ்.

2022 ஜூன்ல சொமேட்டோ பிளிங்கிட்ட வாங்கறதா அறிவிச்சுது, 4,447 கோடி ரூபா, முழுக்க ஷேராவே. மார்க்கெட் காறித் துப்பாத குறை. ஐபிஓல, அதாவது முதல் தடவையா பொதுமக்களுக்கு ஷேர் வித்தப்ப, 76 ரூபாய்க்குக் குடுத்த ஷேர் ஜூலைல 50க்கும் கீழ போச்சு (ஐபிஓவுக்கு முந்தி வாங்கினவங்களுக்கான லாக்கின், அதாவது கொஞ்ச காலம் விக்கக் கூடாதுங்கற தடை, முடிஞ்சு அவங்க வித்ததும் அதுல சேத்தி, எல்லாத்தையும் பிளிங்கிட் தலைல கட்ட முடியாது). நானும் அன்னிக்கு இது ஸ்கைப் கதைதான்னு நாலு பேர்கிட்ட அடிச்சுப் பேசினேன், ஒத்துக்கறேன். மூணு வருஷம் கழிச்சு, 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டுல, நிகர ஆர்டர் மதிப்புல பிளிங்கிட் சாப்பாட்டு டெலிவரியையே முதல் தடவையா தாண்டிருச்சு. கம்பெனி பேரே எட்டெர்னல்னு மாறிப் போச்சு.

நான் எங்க தப்பா கணக்குப் போட்டேன்னா, கஸ்டமர் சொமேட்டோ வாசல்ல மளிகை கேக்கலைன்னு பாத்தேன், அது சரிதான். ஆனா சொமேட்டோ ரெண்டு தடவை சொந்தக் கையால செஞ்சு, ரெண்டு தடவையும் எது உடையுதுன்னு கத்துக்கிட்டு, அந்த உடையற இடத்தை ஏற்கனவே சரி பண்ணி வச்சிருந்த ஆளைப் போய் வாங்குச்சு. அதுக்கு முந்தியே 2021ல பிளிங்கிட்ல கொஞ்சம் பங்கு வாங்கி பக்கத்துல உக்காந்து பாத்துட்டும் இருந்துச்சு. முக்கியமா, பிளிங்கிட்ட நடத்தின அல்பிந்தர் திண்ட்சாவே தொடர்ந்து நடத்தினார், சாப்பாடு பாத்துட்டிருந்த ஆளுங்களை உருவி மேல் மாடிக்கு அனுப்பல. ஆனா இதோட லாப நஷ்டம் தீந்து போச்சுன்னு யாரும் நெனைக்க வேணாம், அந்தக் காலாண்டுலயும் டார்க் ஸ்டோர் தொறக்கத் தொறக்க காசு கரைஞ்சுட்டுதான் இருந்துச்சு, போட்டிக்கு செப்டோவும் ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட்டும் வேற.

ஓலா இதுக்கு நேர் எதிர். 2015ல ஓலா கஃபே, மூடியாச்சு. 2017 கடைசில ஃபுட்பாண்டா இந்தியாவ வாங்கி, அதுவும் நிக்கல. பழைய கார் விக்கற ஓலா கார்ஸ், மளிகைக்கு ஓலா டேஷ், ரெண்டும் 2022ல மூடல். கார் ஓட்டற டிரைவர் சாயங்காலம் ஏழு மணிக்கு சவாரில இருப்பானா பிரியாணி எடுக்கப் போவானா, ரெண்டுக்கும் அதே நேரத்துலதான் கூட்டம். அங்க கத்துக்கிட்டு திருப்பி வந்த மாதிரி எனக்குத் தெரியல, ஒவ்வொரு தடவையும் புது போர்டு மாட்டின மாதிரிதான் இருந்துச்சு.

விதிவிலக்குன்னு சொன்னேன்ல, முதலாவது வேலி. சில தொழில் லாபத்துக்காக இல்ல, இருக்கிற பயிரை மாடு மேயாம இருக்கப் போடற வேலி. கூகுள் 2005ல ஆண்ட்ராய்ட வாங்கினதும் 2008ல குரோம் விட்டதும் அதுதான். நாளைக்கு ஜனங்க எல்லாம் போன்ல தேடுவாங்க, அந்த போன் வேற எவன் கையிலயாவது இருந்து அவன் சர்ச் பெட்டிய மாத்திட்டா கூகுள் கதை முடிஞ்சுது. வேலி இல்லாத பக்கத்துல என்ன செலவாகுதுன்னு அமெரிக்க கோர்ட்ல நடந்த கேஸ்ல வெளிய வந்துச்சு, ஐபோன்ல தன்னோட சர்ச்ச வச்சிருக்கறதுக்காக 2022ல மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். அப்ப ஆண்ட்ராய்ட் எவ்ளோ மலிவுன்னு பாத்துக்கங்க. ஆனா வேலிக்கும் வயித்தெரிச்சலுக்கும் வித்தியாசம் இருக்கு. 2011ல ஃபேஸ்புக்கப் பாத்து பயந்து கூகுள் பிளஸ் ஆரம்பிச்சு, யூடியூப்ல கமென்ட் போடறதுக்குக் கூட அதுல அக்கவுன்ட் வேணும்னு ஜனங்க கழுத்தைப் புடிச்சு உள்ள தள்ளி, 2019ல மூடினாங்க. சர்ச் பண்ண வந்தவன் எவனும் அங்க சித்தப்பா பையன் போட்டோ தேடி வரல.

ரெண்டாவது, மண்ணே காஞ்சு போற நிலைமை. அப்ப வேற வழி இல்ல, இறங்கித்தான் ஆகணும். நம்ம ஸோஹோவையே பாருங்க, 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சது டெலிகாம் கருவி செய்யற கம்பெனிகளுக்கு நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் விக்கறதுக்கு. 2000, 2001ல டாட் காம் குமிழி வெடிச்சப்ப அந்த கஸ்டமர்களே காணாம போனாங்க. அதே எஞ்சினியர்களை வச்சு ஐடி டிபார்ட்மென்டுகளுக்கு மேனேஜ்எஞ்சின், அப்புறம் 2005ல ஸோஹோ ரைட்டர்னு பிரவுசர்லயே ஓடற சாஃப்ட்வேர். வெளி முதலீட்டாளர் காசு இல்ல, அதனால ஒண்ணு காசு தர ஆரம்பிச்ச அப்புறம்தான் அடுத்தது, அந்த மெதுவே அவங்களுக்குப் பாதுகாப்பா இருந்துச்சு. அதே கம்பெனி சிப் தயாரிக்கப் போறதா இருந்துட்டு, டெக்னாலஜி விஷயத்துல முழு நம்பிக்கை வரலைன்னு 2025ல நிறுத்தி வச்சிருச்சு. அது வராததால தோல்வின்னு சிலர் எழுதினாங்க, எனக்கு அப்படித் தோணல, அரசாங்க மானியத்தை வாங்கிப் போட்டு அஞ்சு வருஷம் கழிச்சு கைய விரிக்கறதுக்கு முன்னாடியே சொன்னது நல்லதுதான்.

இறங்கணும், ஆனா ஆளை அனுப்ப மனசில்லன்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு. நௌக்ரி டாட் காம்னு வேலை தேடற சைட் நடத்தற இன்ஃபோ எட்ஜ் 2010ல ஃபுடீபேல போட்ட முதல் பணம் 5 கோடி ரூபாய்க்கும் கம்மி. போர்டுல உக்காந்தாங்க, ஆனா கடைய கோயல்தான் நடத்தினார். மொத்தமா போட்ட சில நூறு கோடி பல ஆயிரம் கோடியா திரும்புச்சு. அதே இன்ஃபோ எட்ஜ் சொந்தமா நடத்தின வீட்டு மனை சைட் 99ஏக்கர்ஸ் வருஷக்கணக்கா நஷ்டத்துல இழுத்துச்சு. நௌக்ரி மட்டும் அசையாம நின்னு இதுக்கெல்லாம் சோறு போட்டுச்சு.

அமேசானோட ஏடபிள்யூஎஸ், அதாவது வெளி கம்பெனிகளுக்கு சர்வரும் ஸ்டோரேஜும் வாடகைக்கு விடற தொழில், அதைப் பத்தி சொல்லலேன்னா கேப்பீங்க. "சும்மா கெடந்த சர்வர வாடகைக்கு விட்டாங்க"ன்னு ஒரு கதை சுத்துது, அது தப்பு, அந்தக் கம்பெனி ஆளுங்களே மறுத்திருக்காங்க. தீபாவளி சீசன் மாதிரி அவங்களுக்கு டிசம்பர் கூட்டம், அப்ப மட்டும் சர்வரைத் திருப்பிக் குடுன்னு கஸ்டமர்கிட்ட கேக்க முடியுமா? நடந்தது வேற, 2003 வாக்குல உள்ளயே எந்த டீம் எதைக் கட்டினாலும் சர்வர், ஸ்டோரேஜ்னு ஒவ்வொருத்தனும் அதே வேலைய மாசக்கணக்குல முதல்லேர்ந்து பண்ணிட்டிருந்தான், அதைப் பொதுவாக்கினாங்க, அப்புறம் 2006ல வெளி ஆளுங்களுக்கும் விட்டாங்க. இங்கயும் வாசல்ல ஏற்கனவே ஒருத்தன் நின்னுட்டிருந்தான், அது அவங்க சொந்த எஞ்சினியர். 2014ல விட்ட ஃபயர் போனுக்கு அப்படி யாரும் நிக்கல, 17 கோடி டாலர் தள்ளுபடி எழுதினாங்க.

கடைசியா நீங்க, நான் இதை வெளிலேர்ந்து பாக்கறவன், ஷேர் வெச்சிருக்கேன், எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. வாங்கு வித்துடுன்னு நான் சொல்ல மாட்டேன், பிளிங்கிட்லயே என் லட்சணம் பாத்தீங்கல்ல. ஆனா காலாண்டு ரிசல்ட் வரும்போது சிஇஓ எழுதற லெட்டரை விட்டுட்டு நேரா செக்மென்ட் வாரியா, அதாவது ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியா, பிரிச்ச டேபிளுக்குப் போங்க. அமேசான் ஏடபிள்யூஎஸ் கணக்கைத் தனியா காட்டினது 2015 ஏப்ரல்லதான், அன்னிக்குத்தான் உள்ள என்ன இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சு ஷேர் ஒரே நாள்ல 14 சதவீதம் ஏறுச்சு. 2024ல அமேசானோட மொத்த விற்பனை 63,800 கோடி டாலர்ல ஏடபிள்யூஎஸ் ஆறுல ஒரு பங்குதான், ஆனா இயக்க லாபம் 6,860 கோடில 3,980 கோடி அதுலேர்ந்து. ஃபேஸ்புக்கோட தாய்க் கம்பெனி மெட்டா டேபிளைத் தொறந்தா, விஆர் கண்ணாடி செய்யற அதோட ரியாலிட்டி லேப்ஸ் 2024ல மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம்னு தனி வரியாவே நிக்கும், ஜக்கர்பெர்க்குக்கு ஓட்டுரிமை கையில இருக்கு, அவர் தாங்குவார். டேபிள்ல பழைய தொழிலோட வரிய மூணு வருஷத்துக்குப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, புதுசு எவ்ளோ எரிக்குதுங்கறதை விட பழசு வளர்றது மெதுவாகுதான்னு. திடீர்னு ஒரு காலாண்டுல ரெண்டு செக்மென்ட்ட ஒண்ணா சேத்து "இதர"ன்னு பேரு மாத்தியிருந்தா, மேல் மாடில யாரோ மூணு பேர் வேலைய விட்டுட்டுப் போறாங்கன்னு அர்த்தம்.